வட்ட முத்திரை

இன்று பார்த்த ஒரு படத்தில் அமெரிக்க இறைச்சிப் பொட்டலம். மூலையில் சின்னதாக, அரசு சோதனையின் வட்ட முத்திரை.

இறைச்சிச் சோதனைச் சட்டத்துக்காகப் போராடிய அமெரிக்க அரசியல்வாதி நீல் ஸ்மித் நினைவுக்கு வந்தார்.

1920இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானி. 1959 முதல் 1995 தொடக்கம் வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்.

1906ஆம் ஆண்டு இறைச்சிச் சோதனைச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மாநில எல்லை தாண்டும் இறைச்சிக்குத்தான் மத்திய அரசின் சோதனை. உள்ளூரில் வெட்டி உள்ளூரிலேயே விற்றால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாநிலங்கள் சரியாகப் பார்க்கவில்லை. நோயுற்ற மாடு எந்த வழியாகச் சந்தைக்குப் போகும் என்பது பண்ணைக்காரர்களுக்குத் தெரியாததா?

இறைச்சி நிறுவனங்களின் எதிர்ப்பை மீறி 1967 டிசம்பரில் புதிய சட்டம் வந்தது. முன்னின்று போராடியவர்களில் ஸ்மித் முக்கியமானவர். மாநிலச் சோதனை இரண்டு ஆண்டுகளுக்குள் மத்தியத் தரத்துக்கு இணையாக வேண்டும். இல்லையென்றால் மத்திய அரசே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம். மேடைப் பேச்சில் கைதட்டல் வாங்காத இந்த மாதிரி வரிகளை எழுதுபவர்கள்தான் எனக்குப் பெரிய மக்கள் பிரதிநிதிகள்.

அரசுப் பதவிகளில் சொந்தக்காரர்களை நியமிக்கத் தடை போட்ட விதியும் அதே ஆண்டு அவர் கொண்டுவந்ததுதான்.

1994 தேர்தலில் தோற்றார். 2021இல், 101 வயதில் மறைந்தார். அயோவாவின் பிரெய்ரி சிட்டி அருகே, அணுமின் நிலையத்துக்கென வாங்கிப்போட்ட நிலத்தில் உருவான புல்வெளிக் காப்பகத்துக்கு அவர் பெயர்தான்.