ஆச்சி போட்ட ஆற்றுகால் பொங்கல்

கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் உள்ள ஊர்களில் மாசி பிறந்துவிட்டால் ஆச்சிமார் வாயில் திருவனந்தபுரத்து ஆற்றுகால் பகவதி கோயில் பேச்சுதான். எங்கள் ஆச்சி நிறைய ஊர் பார்த்தவர். சேதுக்கரை மணலைப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரோடு வந்து, இராமேசுவரத்தில் அபிஷேகம் முடித்த பிறகே வீட்டுப்படி ஏறியவர். குருவாயூரும் கொல்லூர் மூகாம்பிகையும் திருப்பதியும் சென்று வந்தவர். ஆனால் வருஷம் தவறாமல் அவர் போனது, எல்லையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஆற்றுகாலுக்கு.

1956 நவம்பர் 1-ல் எங்கள் பக்கத்துத் தாலுகாக்களான கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. அதன்பிறகும் அம்மன் வேறு மாநிலத்தில் இருப்பதாக ஆச்சி நினைத்ததே கிடையாது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகிதான் கிள்ளியாற்றங்கரையில் குடியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. “நம்ம பிள்ளையாக்கும் அவ” என்பார்.

காப்புக்கட்டோடு தொடங்கும் பத்து நாள் திருவிழாவில் ஒன்பதாம் நாள், பூர நட்சத்திரத்தில் பொங்கல். ஆச்சியின் ஏற்பாடு அதற்குப் பத்து நாள் முன்பே, பானையில் தொடங்கிவிடும். கால் கிலோ அரிசிக்கு மூன்று லிட்டர் கொள்ளும் மண்பானை வேண்டும். சிறிய பானை எடுத்தால் வெல்லம் சேரும்போது இடம் போதாது. வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்க வேண்டும், சத்தம் செத்திருந்தால் கீறல் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றி இளந்தீயில் கொதிக்கவிட்டு ஆறவைப்பார். கஞ்சியின் பசை மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். வாங்கிய கையோடு அடுப்பில் ஏற்றிய பானைதான் கூட்டத்துக்கு நடுவே வெடித்துப் பாயசத்தைத் தெருவில் விடுகிறது. சூடேறிய பானையில் பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் அதே கதிதான். குறைந்தால் சேர்க்கவென்று பக்கத்தில் வெந்நீர் வைத்திருப்பார்.

மூன்று செங்கல்லை ஆட்டம் இல்லாமல் முக்கோணமாக வைக்க வேண்டும். விறகு எல்லாம் தென்னையிலிருந்துதான்: பற்றவைக்க ஓலைச்சூட்டு, நின்று எரியக் கொதும்பு என்கிற காய்ந்த பாளை, கடைசியில் கனலுக்குச் சிரட்டை. தொடக்கத்திலேயே சிரட்டையைப் போட்டால் அடிபிடிக்கும். ஈரம் காயாத மட்டை வெறும் புகைதான். அந்தப் புகை பக்கத்து அடுப்புக்காரியின் கண்ணில் போய் விழும். ஆச்சிக்கு அது பொறுக்காது. நைலான் சேலை உடுத்தி வருகிறவர்களையும் விடமாட்டார், பருத்திதான் உடுக்கச் சொல்வார். இரண்டு பக்கமும் தீ.

கண்ணகி கதையைப் பாடும் தோற்றம்பாட்டில் பாண்டியன் வதம் பாடி முடியும் நேரத்தில், கருவறை விளக்கிலிருந்து வந்த தீயைக் கோயிலின் பண்டார அடுப்பில் மூட்டுவார்கள். செண்டை முழங்கும், வெடி வெடிக்கும், குரவை எழும். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு, தெருவுக்குத் தெரு, அந்தத் தீ கைமாறி வரும். கின்னஸ் கணக்கில் 2009-ல் பொங்கலிட்ட பெண்கள் 25 லட்சம். கோயிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இடம் கிடைத்தாலும் ஆச்சி தீப்பெட்டியைத் தொட்டதில்லை. ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து அடுப்பில் தீ வரும்வரை காத்திருப்பார். பெயர்கூடத் தெரியாத ஒருத்தி அதில் தீ கொடுப்பாள். ஆச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் அடுப்பை மூட்டி, உடனே அடுத்தவளுக்கு நீட்டுவார்.

பானையில் பாதித் தண்ணீர். கொதித்ததும் கழுவிய சிவந்த பச்சரிசி கால் கிலோ. நுரை பொங்கி வழியும்போது குரவையிடுவார். கிழக்கே வழிந்தால் அவருக்கு அந்த வருஷம் முழுக்க நிம்மதி. விரலில் நசுக்கினால் மசியும் அளவு அரிசி வெந்த பிறகே வெல்லம். முந்திப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு எரித்தாலும் வேகாது. அரைக் கிலோ வெல்லத்தை வீட்டிலேயே பாகாக்கி, மண் போக வடிகட்டிக் கொண்டுவந்திருப்பார். ஒரு தேங்காய்த் துருவல், இரண்டு பழம், நாலு ஏலக்காய், ஒரு கரண்டி நெய். அவ்வளவுதான்.

கூடவே திரளியும் அவிப்பார். வறுத்த அரிசிமாவு, வெல்லம், பாளையங்கோட்டான் பழம், தேங்காய், கொஞ்சம் சீரகம் சேர்த்துப் பிசைந்து, திரளி இலையைக் கூம்பாக மடித்து நிரப்பி, ஈர்க்கு குத்தி ஆவியில் வைப்பார். மாவு இளகினால் இலையை விட்டு ஒழுகிவிடும். தலைவலிக்கு நேர்ந்திருந்தால் வறுத்த பாசிப்பயற்று மாவில் தலை வடிவாக மண்டைப்புட்டு. மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேருகிறவர்களுக்கு இது புதிதல்ல.

பானையை வாழையிலையால் மூடிய பிறகு காத்திருப்பதுதான் கடினம். நிவேத்திய நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும். மாசி வெயில், புகை, கீழே தார் ரோடு. சாந்திக்காரர் (பூசாரி) வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை ருசி பார்க்கக்கூடாது, எழுந்தும் போகக்கூடாது. அம்மா பார்க்கிறாள் என்று ஆச்சி கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருப்பார்.

செங்கல்லைச் சுமந்து வர வேண்டாம். ஏழைகளுக்கு வீடு கட்ட மாநகராட்சி எடுத்துக்கொள்ளும். கனலைத் தண்ணீர் விட்டு அணைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பஸ்ஸில் மடியில் வைக்கோல் புரிமணை வைத்து அதன்மேல் பானை. தேங்காய் சேர்ந்த பாயசம் மறுநாள் புளித்துவிடும் என்பதால் அன்று இரவே தெருவுக்குப் பங்கு போய்ச் சேரும். முதல் கிண்ணம், படுக்கையில் கிடந்து வர முடியாமல் போனவர்கள் வீட்டுக்கு.