மென்சியஸ் கேள்விக்குப் படிப்பவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. எல்லோரும் பயமுறுத்திய கீழைநாட்டு அரசியல் சிந்தனைத் தாளில்தான் எனக்கு மார்க் அதிகம். பண்டைய சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் கைகொடுத்தார். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கைடுகள் ‘மனித இயல்பு நல்லது’ என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகின்றன. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டு யாரும் பதறுவது, நல்லியல்பின் நான்கு முளைகள் (பரிவு, வெட்கம், பணிவு, சரி-தவறு உணர்வு), இயல்பு தீயது என்ற சுன்ட்சியின் மறுப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை ஒரு பத்தியில் முடியுங்கள். மார்க் இருப்பது, அவர் அரசர்களிடம் முகத்துக்கு நேராகப் பேசிய இடங்களில்.

எனக்கு வழி திறந்தது ஒரே ஒரு செய்தி. 1394-ல் சீனாவின் மிங் வம்சப் பேரரசர் ஹோங்வு, மென்சியஸ் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்ட வைத்தார். அவற்றிலிருந்து அரசுத் தேர்வில் கேள்வி வரக்கூடாது என்றும் ஆனது. அங்கிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும் என்பேன். மக்களே முதன்மை, அரசன் கடைசி என்ற பகுதி அதில் போனது. அரசன் அமைச்சர்களை மண்ணாகவும் புல்லாகவும் நடத்தினால் அவர்கள் அவனைப் பகைவனாகப் பார்ப்பார்கள் என்பதும் போனது. பேரரசரையே உறுத்திய வரிகள் என்றால் அரசியல் அங்கேதானே இருக்கிறது?

அப்புறம் ச்சி நாட்டு அரசன் சுவானுடன் நடந்த உரையாடல். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நண்பனை நம்பி மனைவி மக்களை விட்டுப் போனவன் திரும்பி வந்து பார்த்தால், அவர்கள் பட்டினியில், குளிரில் கிடக்கிறார்கள். அந்த நண்பனை என்ன செய்வது என்று கேட்கிறார் மென்சியஸ். “உறவை முறிக்க வேண்டும்” என்கிறான் அரசன். கீழுள்ளவர்களை அடக்கத் தெரியாத அதிகாரியை? “நீக்க வேண்டும்.” சரி, நாடே சீர்கெட்டுக் கிடந்தால்? அரசன் இடமும் வலமும் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறான். நான் பதிலை இந்தக் காட்சியில்தான் ஆரம்பித்தேன்.

கூடவே இவை:

- லியாங் அரசன் ஹூயிடம்: லாபப் பேச்சு எதற்கு, அன்பும் அறமும் போதாதா?
- நிலையான பிழைப்பு இல்லாத மக்களுக்கு நிலையான மனம் இருக்காது. பிழைப்பைத் தராமல் தண்டிப்பது வலைவீசிப் பிடிப்பது.
- அவர் மறுத்த எதிர்த்தரப்பு: எல்லோரையும் சமமாக நேசி என்ற மோசி, தனக்காக வாழ் என்ற யாங் சூ.

அவரை ஜனநாயகவாதி என்று எழுதிவிடாதீர்கள். அவர் மக்களுக்கு ஓட்டுரிமை கேட்கவில்லை. சொல்லிக் கேட்காத அரசனை மாற்றலாம் என்று அவர் சொன்னதும் அரச குலத்து அமைச்சர்களைப் பற்றித்தான். மற்ற அமைச்சர்கள் பதவியை விட்டு விலகலாம், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டுக்குக் கடைசிப் பத்தியில் நான்கு வரியாவது ஒதுக்குங்கள்.