நாலு கோல்ஃப் பை, ஒரு குட்டிக் கார், ஸ்காட்லாந்து

ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. வாடகைக் கார்க்காரன் மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் அவனிலிருந்தே தொடங்குகிறேன். செலவு விவரம் வரிசையாகத் தருவதாகப் பலரிடம் சொல்லியிருந்தேன். வரும், பொறுங்கள்.

கோல்ஃப் ஆடுவதற்காக எடின்பரோவில் இறங்கியவர்கள் நான்கு பேர்: டாக்டர், ஆடிட்டர், என் மச்சான், நான். ஆளுக்கு ஒரு கோல்ஃப் பை, ஒரு பெட்டி. டிக்கி நீளமான வண்டிக்கு மூன்று மாதம் முன்பே பணம் கட்டியாயிற்று. கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அது இல்லை, அதே மாதிரி வேறொன்று தருகிறேன்" என்றான். வெளியே போய்ப் பார்த்தால் நம்ம ஊர் ஸ்விஃப்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒரு வண்டி நிற்கிறது. பெரியது வேண்டுமா, நாளுக்கு 45 பவுண்டு கூடக் கொடு. இன்னொருவரும் ஓட்ட வேண்டுமா, அதற்குத் தனி. டயருக்கும் கண்ணாடிக்கும் இன்ஷூரன்ஸ், அதுவும் தனி. பவுண்டு நூற்றுப் பத்து ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் ஆடிட்டரிடம் இப்படிப் பேசலாமா? இருபது நிமிடம் வாதாடிவிட்டு, வீம்புக்கு அந்தக் குட்டிக் காரையே எடுத்தார். எடுத்த கையோடு போனில் காரைச் சுற்றிச் சுற்றி வீடியோ பிடித்தார். நாங்கள் சிரித்தோம்.

இரண்டு பை டிக்கியில் குறுக்காகப் போனது. மற்ற இரண்டும் ஆறு நாளும் பின்சீட்டில், டாக்டர் மடியிலும் மச்சான் மடியிலுமாகக் கிடந்தன. நான்கு பேர் போகிறீர்களா, கண்ணை மூடிக்கொண்டு வேன் எடுங்கள். நம்மைப் போலவே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தக் கவலை வேண்டாம்.

முதல் ஆட்டம் எடின்பரோவுக்குப் பக்கத்தில் மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸ். வழக்கமான பதினெட்டுக்குப் பதில் ஒன்பதே குழி. குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவில் இருக்கிறது. டாக்டர் கிண்டியில் பந்தய மைதானத்துக்குள் ஆடிப் பழகியவர். இறங்கியதும் "ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்குய்யா" என்றார். 1672லேயே இங்கே ஆடியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1874க்கும் 1889க்கும் இடையில் ஆறு முறை ஓபன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டி நடந்த இடம். குழியின் அகலம் நாலேகால் அங்குலம் என்று இன்று உலகம் முழுக்க இருக்கிறதே, அந்த அளவே இந்த ஊரில் குழி வெட்டிய கருவியிலிருந்து வந்தது என்கிறார்கள். ஹிக்கரி மரப் பிடி போட்ட பழைய காலத்துத் தடிகள் வாடகைக்குக் கிடைத்தன. என் முதல் ஷாட் பந்தய ஓடுதளத்தைத் தாண்டிப் போனது. குதிரை எதுவும் இல்லை, பிழைத்தேன்.

அடுத்து செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே ஓல்ட் கோர்ஸ் என்கிற புகழ்பெற்ற மைதானத்தில் ஆட ஒரு ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல். சரி, வாழ்நாளில் ஒரு தடவை என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், முன்பதிவு இல்லாதவர்களுக்குக் குலுக்கல்தான். ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். மூன்று முறை கொடுத்தோம், மூன்று முறையும் நாமம். வருத்தமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆடிட்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. அது பொது நிலம். அன்று ஊரே உள்ளே வந்து நாயோடும் குழந்தையோடும் நடக்கிறது. நாங்களும் காசில்லாமல் நடந்தோம். பதினான்காம் குழியில் 'ஹெல்' (நரகம்) என்கிற பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், இறங்கி நின்றால் வானம் மட்டும் தெரிகிறது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள். இங்கே ஏழு பெரிய கிரீன்களை இரண்டிரண்டு குழிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18. இதைக் கேட்டதும் ஆடிட்டர் ஏழு ஜோடியையும் கூட்டிப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தார். அங்கேயே உள்ள பழைய ஸ்வில்கன் கல் பாலத்தில் போட்டோவுக்கு வரிசை. திருப்பதியில் நிற்கிற பொறுமையோடு நின்றோம்.

பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி இருக்கிறது. 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்புடையது. பட்டிங் என்றால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளுவது. தடியைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்களுக்கு அழகில்லை என்று நினைத்த காலம் அது. இன்று சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். ஏழு வயதுப் பெண் ஒருத்தி மச்சானைத் தோற்கடித்தாள். இந்தப் பயணத்திலேயே கொடுத்த காசுக்கு அதிக சந்தோஷம் தந்தது இதுதான். நியூ கோர்ஸிலும் ஆடினோம். பெயர்தான் புதிது, திறந்தது 1895இல். நல்ல கோர்ஸ், காற்று கொன்றது, அவ்வளவுதான்.

தெற்கே கடலோரமாக ஓட்டினால் ஈலி என்ற ஊரின் கோர்ஸ். முதல் குழிக்கு எதிரே ஒரு மேடு. அந்தப் பக்கம் யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது. அதற்காக, ஆடுபவர்களை முறைப்படி அனுப்புகிற ஸ்டார்ட்டர் உட்காரும் குடிலில் எக்ஸ்காலிபர் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பைப் பொருத்தியிருக்கிறார்கள்! நாங்கள் நால்வரும் மாறி மாறி எட்டிப் பார்த்ததில் பின்னால் நின்றவர்கள் கனைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆன்ஸ்ட்ரதர் என்ற ஊரின் கோர்ஸும் ஒன்பது குழிதான். நான்கு பேருக்கும் சேர்த்துக் கட்டியது, ஓல்ட் கோர்ஸில் ஒருவர் கட்டுவதில் பாதிகூட இல்லை. ஐந்தாவது குழிக்கு ராக்கீஸ் என்று பெயர். 235 கெஜம், பார் மூன்று, அதாவது மூன்றே அடியில் பந்து குழிக்குள் போக வேண்டும். ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் கடல். எனக்கு எட்டு. டாக்டர் இரண்டு பந்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கு எழுதுவதையே நிறுத்தினார். ஜூன் மாதம் என்பதால் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. இன்னொரு சுற்று ஆடினோம். பை தூக்கி வரும் கேடி கிடையாது, நாமே சுமக்க வேண்டும். நம்ம ஊரில் கேடியிடம் தூக்கக் கொடுத்துப் பழகிய தோள், மறுநாள் காலையில் எழவில்லை.

அதற்கு முன் துறைமுகத்தில் சாப்பிட்ட ஹாடக் மீனைச் சொல்ல வேண்டும். எண்ணெயிலிருந்து நேராகக் காகிதப் பெட்டிக்கு வந்தது. மேல் மாவு அப்பளம் மாதிரி நொறுங்கியது, உள்ளே மீன் வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரிந்தது. வினிகர் தெளித்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்து தின்றோம். கடற்காகம் ஒன்று மச்சானின் உருளைக்கிழங்கைப் பறித்துக்கொண்டு போனது. பாவம், சைவமான ஆடிட்டருக்குக் கிடைத்தது மக்ரோனி பை. மாவுக் கிண்ணத்துக்குள் மக்ரோனியும் சீஸும். முதல் நாள் முகம் சுளித்தார், நான்காம் நாள் இரண்டு கேட்டார்.

செலவு விவரம் அவருடைய எக்செல்லில் இருக்கிறது, வாங்கிப் போடுகிறேன். கடைசி நாள் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, வேறொரு பையன் குனிந்து முன்சக்கரத்தில் ஒரு கீறலைத் தடவிப் பார்த்து, "இதற்கு 180 பவுண்டு" என்றான். ஆடிட்டர் ஒன்றும் பேசவில்லை. பொறுமையாக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, அந்த வீடியோவைத் தேட ஆரம்பித்தார்.