உஹது மலையடியில் ஒரு சனிக்கிழமை

மதீனாவில் ஜியாரத்துக்கு (புனித இடங்களைப் பார்க்க) சனிக்கிழமை அமைந்தால் விட்டுவிடாதீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்கு, சில நேரம் நடந்தும் சில நேரம் வாகனத்திலும் போவார்கள் என்று புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது. எங்கள் உம்ரா (மக்கா புனிதப் பயணம்) குழுவுக்கு அந்த நாளே அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

"ரூம்லயே உளூ செஞ்சுட்டு வாங்க" என்று முந்தைய இரவே ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) எல்லோருக்கும் சொல்லிவிட்டார். வீட்டிலேயே (உளூ செய்து, அதாவது கை, முகம், கால் கழுவி) சுத்தம் செய்துகொண்டு குபாவுக்கு வந்து தொழுகிறவருக்கு ஓர் உம்ராவின் நன்மை உண்டு என்பது ஹதீஸ். உம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர், வழியில் கழிப்பறை போக நேர்ந்து உளூ முறிந்துவிடக் கூடாது என்று டீயைக்கூடத் தொடவில்லை. பேருந்தில் பக்கத்து சீட்டுப் பெண் பிஸ்கட் நீட்டியபோதும், "தொழுதுட்டு சாப்பிடுறேம்மா" என்று கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

622-ல் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) வந்த நபியவர்கள் மதீனா ஊருக்குள் நுழைவதற்கு முன்பு தங்கிய இடம் குபா. அங்கே அவர்கள் எழுப்பியதுதான் இஸ்லாத்தின் முதல் பள்ளிவாசல். இப்போது வெள்ளை மினாராக்களோடு விரிந்து நிற்கிறது. உள்ளே நல்ல கூட்டம். இரண்டு ரக்அத் நிம்மதியாகத் தொழ இடம் கிடைத்தது, அது போதும்.

குபா ஊருக்குத் தெற்கே, உஹது வடக்கே. ஸலவாத் ஓதிக்கொண்டே நகரைக் கடந்தோம். கட்டடங்கள் விலகியதும் செம்மண் நிறத்தில் நீளமாக மலை தெரிந்தது. "இந்த மலை நம்மை நேசிக்கிறது, நாமும் இதை நேசிக்கிறோம்" என்று நபியவர்கள் சொன்ன மலை. பேருந்தில் சட்டென்று பேச்சு நின்றுவிட்டது.

ஹிஜ்ரி 3-ல், அதாவது 625-ல், மக்காவின் குறைஷிக் குலத்தாரோடு இங்கே நடந்தது உஹது போர். குறைஷிகள் 3,000 பேர். மதீனாவிலிருந்து கிளம்பிய சுமார் 1,000 பேரில் 300 பேரை நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை பாதி வழியிலேயே திருப்பிக் கூட்டிப் போய்விட்டான். எஞ்சியவர்களில் 50 வில்லாளிகளை நபியவர்கள் ஒரு சிறு குன்றின் மேல் நிறுத்தி, எங்களைப் பறவைகள் கொத்திச் செல்வதைப் பார்த்தாலும் இடத்தை விட்டு அசையாதீர்கள் என்று கட்டளையிட்டார்கள்.

அந்தக் குன்றின் மேல் ஏறினேன். சின்னக் குழந்தைகள்கூட ஓடி ஏறுகிற உயரம்தான். மேலே நின்றால் முழு மைதானமும் தெரிகிறது. வெற்றி கிடைத்துவிட்டது என்று நினைத்து வில்லாளிகளில் பெரும்பாலோர் கீழே இறங்கிய அந்தச் சில நிமிடங்களில், காலித் இப்னு வலீத் குதிரைப்படையோடு பின்பக்கம் வந்துவிட்டார். அப்போது அவர் இஸ்லாத்துக்கு வந்திருக்கவில்லை. வில்லாளிகளின் தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) ஒரு சிலரோடு கடைசிவரை அங்கேயே நின்று ஷஹீதானார் (வீரமரணம் அடைந்தார்).

கீழே ஷுஹதாக்களின் (ஷஹீதானவர்களின்) அடக்கத்தலம். கந்தூரியும் பச்சைப் போர்வையும் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு அது வெறும் மண்தரை. சுற்றிலும் வேலி, உள்ளே ஆங்காங்கே கற்கள். எழுபது பேர் ஷஹீதான போர் அது. "அஸ்ஸலாமு அலைக்கும் யா ஸய்யிதஷ் ஷுஹதா" என்று நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களுக்கு ஹஜ்ரத் ஸலாம் சொல்ல, நாங்களும் சொன்னோம்.

எனக்குக் கண் கலங்கியது முஸ்அப் இப்னு உமைர் (ரலி) பெயரைச் சொன்னபோதுதான். மக்காவின் செல்வ வீட்டுப் பிள்ளை. விலை உயர்ந்த உடையும் வாசனையுமாக வளர்ந்தவர். ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்கு வந்து குர்ஆன் கற்றுக்கொடுத்த ஆசான். உஹதில் அவருக்குக் கஃபனிட (உடலைப் போர்த்தி அடக்க) ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, காலில் இத்கிர் புல்லைப் போடச் சொன்னார்கள் நபியவர்கள். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "அவங்க உம்மா எப்படி வளத்திருப்பாங்க இந்தப் புள்ளைய" என்றார்.

இத்தனை இழப்புக்குப் பிறகு இறங்கிய வசனத்தை ஹஜ்ரத் அங்கேயே ஓதினார். குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயம், 159. அல்லாஹ்வின் அருளால்தான் நீர் அவர்களிடம் மென்மையாக நடக்கிறீர், அவர்களை மன்னித்துவிடும், அவர்களோடு கலந்து ஆலோசியும் என்பது அதன் பொருள். நபியவர்களின் விருப்பம் ஊருக்குள் இருந்தே எதிர்ப்பது. வெளியே போய்ப் போரிடலாம் என்றவர்கள் தோழர்கள்தான். அந்த ஆலோசனைக்குப் பின் பல் உடைந்து, சிறிய தந்தையை இழந்து நிற்கும் தூதரிடம், இனியும் அவர்களிடம் கேளுங்கள் என்கிறான் இறைவன். பலமுறை ஓதிய வசனம்தான். அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதுதான் அதன் கனம் புரிந்தது. ஹம்ஸாவைக் கொன்ற வஹ்ஷியும் பின்னால் முஸ்லிமானார். பின்பக்கமாக வந்து தாக்கிய காலித், "அல்லாஹ்வின் வாள்" என்று பெயர் பெற்றார்.

அப்புறம் அகழ்ப்போர் நடந்த கந்தக் பகுதியைப் பேருந்திலிருந்தபடியே பார்த்தோம். கிப்லதைன் பள்ளியில் இறங்கித் தொழுதோம். ஹிஜ்ரி 2-ல் கிப்லா (தொழும் திசை) ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவுக்கு மாறிய நினைவைத் தாங்கும் பள்ளி. மதீனாவிலிருந்து அது வடக்கு, இது தெற்கு. அதாவது, தொழுது கொண்டிருந்தவர்கள் அப்படியே நேர் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

பேரீச்சந்தோட்டத்தில் நிறுத்தியபோது அஜ்வா பேரீச்சம்பழம் வாங்க எல்லோரும் இறங்கினார்கள். உம்மா மட்டும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நபியின் பள்ளியில் ஒரு தொழுகை, மக்காவின் மஸ்ஜிதுல் ஹராம் தவிர மற்ற இடங்களில் தொழும் ஆயிரம் தொழுகையைவிடச் சிறந்தது. லுஹர் ஜமாஅத் (நண்பகல் கூட்டுத் தொழுகை) தப்பினால் மனசு ஆறாது. பாங்கு சொல்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டோம்.

இனி மதீனா போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலு இம்ரானில் 121-ம் வசனம் தொடங்கி உஹது பற்றி வருகிறது. கிளம்புமுன் தமிழ் மொழிபெயர்ப்போடு ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் அரைமணி நேரம்தான் தருவார்கள். கதை முன்பே தெரிந்திருந்தால் அந்த அரைமணி நேரத்தையும் ஸலாமுக்கும் துஆவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.