பூனைக்குட்டிக்குப் பின்கதவை எப்போது திறப்பது? ஹாரோவிலிருந்து ஓர் அனுபவம்

பூனைக்குட்டியை எப்போது வெளியே விடலாம் என்று என்னிடம் கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் வடமேற்கு லண்டனின் இந்த ஹாரோ வட்டாரத்தில் கூடிக்கொண்டே வருகின்றன. பிள்ளைகளின் வற்புறுத்தலால் ஒரு குட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. பெற்றோருக்கு ஊரில் பூனை வளர்த்த பழக்கம் உண்டு. ஆனால் அதை வெளியே விடுவதற்கு நாள் பார்த்த பழக்கம் இல்லை. கும்பகோணத்தில் என் பிறந்த வீட்டின் ஓட்டுக்கூரையும் கொல்லைப்புறமும் பூனைகளுக்கு உரியவையாகவே இருந்தன. மாட்டுக்கொட்டிலில் ஈன்ற குட்டிகள் சில வாரங்களிலேயே தாயின் பின்னால் மதில் ஏறிப் போயின. அவற்றுள் எத்தனை பிழைத்தன என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இங்கே குளிருக்காகக் கதவுகள் சாத்தியே கிடக்கின்றன. ஆகவே கதவைத் திறப்பவர் நாம்தான், திறந்தபின் அந்த உயிருக்கு நேர்வதற்குப் பொறுப்பும் நமக்கே. எங்கள் பூனை மல்லியை வளர்த்ததிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: குட்டியின் வயதை மட்டும் வைத்து அந்த நாளைக் குறிக்கக் கூடாது, முடிக்க வேண்டிய காரியங்கள் முடிந்தனவா என்று பார்த்தே குறிக்க வேண்டும்.

வெளியே விடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் வாழும் என் தம்பி வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2022 ஜூலை 1ஆம் தேதிக்குப் பின் பிறந்த பூனைகள் அந்தத் தலைநகரப் பகுதியில் உரிமையாளரின் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்குள்ள சிறு விலங்குகளையும் பறவைகளையும் காப்பதற்காக அப்படி. பிரிட்டனிலோ பூனை வெளியே உலவுவது நெடுங்கால வழக்கம். பாதுகாப்பான இடமாக இருந்தால் விடலாம் என்றே இங்குள்ள கால்நடை மருத்துவர்களும் விலங்கு நல அமைப்புகளும் பெரும்பாலும் சொல்கிறார்கள். பாதுகாப்பான இடமா என்பதை அவரவர் வீட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் நான்காம் மாடியில் குடியிருப்பவரும், வாசலிலேயே பேருந்துத் தடம் ஓடும் வீட்டில் இருப்பவரும் பூனையை உள்ளேயே வைத்து, ஏறுவதற்கு உயரமான பலகைகளும் நகம் கீறக் கட்டையும் அன்றாடம் விளையாட்டும் கொடுத்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், வாயில்லா உயிரை அடைத்து வைப்பது பாவம் என்று முதல் வாரம் முழுவதும் வருந்தினார். அந்த வருத்தத்தில் இருக்கும் ஈரத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும், நான்கு மாதக் குட்டி காருக்கு அடியில் போவதைவிட ஜன்னல் ஓரத்தில் அமர்ந்திருப்பது மேல் என்பதை அவரிடம் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது.

முடிக்க வேண்டிய காரியங்களில் தடுப்பூசி முதலில் வருகிறது. எட்டு, ஒன்பது வார வயதில் முதல் ஊசியும், மூன்று நான்கு வாரங்கள் கழித்து இரண்டாவதும் போடுகிறார்கள். பூனைச் சளிக்காய்ச்சலுக்கும், குடலையும் வெள்ளணுக்களையும் தாக்கும் பான்லூக்கோபீனியா என்ற நோய்க்கும் எல்லாக் குட்டிகளுக்கும் ஊசி உண்டு. வெளியே போகப்போகும் குட்டிக்கு, இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பூனை லுகேமியா கிருமிக்கான ஊசியும் சேர வேண்டும். ஏனெனில் அந்தக் கிருமி உமிழ்நீர் வழியாகவும் சண்டைக் கடி வழியாகவும் பரவுகிறது. வெறிநோய் ஊசி ஏன் போடவில்லை என்று மாமியார் கேட்டார். இந்நாட்டில் தரைவாழ் விலங்குகளிடையே வெறிநோய் இல்லை என்பதால், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாத பூனைக்கு அந்த ஊசி போடுவதில்லை. ஊரில் பூனை கீறினாலே மருத்துவமனைக்கு ஓடிப் பழகிய நமக்கு இது மனத்தில் பதியச் சற்று நாளாகிறது.

தடுப்பூசி முடிந்ததுமே கதவைத் திறந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கருத்தடை முடியும் வரை திறக்கக் கூடாது என்பதுதான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது. பெண் பூனை நான்கு மாத வயதிலேயே சினைப்படக்கூடும். அப்போது அதுவே ஒரு குட்டி, உடலின் வளர்ச்சி பாதிகூட முடிந்திருக்காது. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான் என்பதால், வசந்தத்தில் ஒரு நாள் கவனக்குறைவாக வெளியே போன குட்டி கோடைக்குள் தாயாகிவிடும். ஈனும் குட்டிகளுக்கு இடம் தேடி ஏற்கெனவே நிரம்பிய காப்பகங்களின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். ஆண் குட்டிக்குக் கேடு வேறு வகையில் வருகிறது: கருத்தடை செய்யாத கடுவன் துணை தேடி நெடுந்தொலைவு அலையும், சாலைகளைக் கடக்கும், மற்ற கடுவன்களோடு சண்டையிடும். பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்.ஐ.வி. கிருமி ஆழமான கடிகளின் வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது, அதற்கு இங்கே தடுப்பூசியும் கிடையாது. முன்பு ஆறு மாதம் என்றிருந்ததை இப்போது பல மருத்துவர்கள் நான்கு மாதத்திலேயே செய்கிறார்கள். இயற்கையைத் தடுக்கலாமா, ஒரு முறையாவது ஈனட்டுமே என்று நம்மவர்களில் சிலர் தயங்குவதை அறிவேன். ஒரு முறை ஈன்றால் பூனைக்கு நன்மை என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மாறாக, இளவயதிலேயே கருத்தடை செய்த பெண் பூனைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. செலவுதான் தடையென்றால், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு விலங்கு நல அமைப்புகள் உதவுகின்றன. கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

மைக்ரோசிப் பொருத்துவதைக் கருத்தடைக்குக் கொடுக்கும் மயக்கத்திலேயே முடித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் இது சட்டப்படி கட்டாயம்: குட்டிக்கு இருபது வாரம் ஆவதற்குள் பொருத்தி, தரவுத்தளத்தில் பதிந்துவிட வேண்டும், தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். பிடரித்தோலின் கீழ் செலுத்தும் அந்த அரிசியளவுப் பொருளில் ஒரு பதினைந்து இலக்க எண் மட்டுமே இருக்கிறது. பூனை எங்கே திரிகிறது என்று அது காட்டாது. யாராவது எடுத்துச் சென்று மருத்துவரிடம் கருவி வைத்துப் படித்தால்தான் நம் பெயரும் தொலைபேசி எண்ணும் தெரியவரும். அடிக்கடி வீடும் எண்ணும் மாற்றும் புதுக்குடியேறிகளாகிய நமக்கு இங்கேதான் கூடுதல் கவனம் தேவை, பழைய முகவரியோடு கிடக்கும் சிப்பால் பயன் இல்லை. கழுத்துப்பட்டை கட்டுவதானால் கிளையில் மாட்டி இழுபட்டால் தானே கழன்றுவிடும் வகையையே வாங்க வேண்டும். மணி கட்டி, கறுப்புக் கயிறு போட்டு அழகு பார்க்கும் ஆசை நமக்கு உண்டு. கழலாத கயிறு வேலியில் சிக்கினால் உயிரையே வாங்கிவிடும்.

இவையெல்லாம் முடிவதற்கு ஐந்தாறு மாதம் ஆகிவிடும், அந்தக் காலத்தை வீணென்று எண்ணக் கூடாது. குட்டி நம் வீட்டைத் தன் இடமாக மணத்தால் அறிந்துகொள்வதும், தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வதும் அப்போதுதான். எங்கள் மகள் ஒவ்வொரு வேளையும் உணவு வைக்கும் முன் எவர்சில்வர் டப்பாவை ஒரே மாதிரி ஆட்டி ஒலி எழுப்புவாள். அந்த ஒலி கேட்டால் எந்த அறையிலிருந்தும் மல்லி ஓடி வருவாள் என்றானபின்தான் வெளியே விடுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். வீட்டுக்குள் அழைத்தால் வராத குட்டி, வெளியே போனபின் அழைத்தாலும் வராது.

தோட்டத்தையும் ஒரு முறை பூனையின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். லில்லிப் பூக்கள் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். கோயிலுக்கும் பூசையறைக்கும் வாங்கும் பூங்கொத்துகளிலும் லில்லி சேர்ந்து வந்துவிடுவதால் வீட்டுக்குள்ளும் இந்தக் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் கார்களில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் என்ற உறைதடுப்பு நீர்மம் சில துளிகள் தரையில் சிந்தியிருந்தாலும் ஆபத்து. நத்தைகளைக் கொல்லப் போடும் மெட்டல்டிஹைடு நச்சுக் குருணைகளைத் தோட்டங்களில் பயன்படுத்த 2022 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. ஆனாலும் பழைய டப்பாக்கள் கொட்டகைகளில் இன்னும் கிடக்கலாம். நாய்க்குரிய உண்ணி மருந்தில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும், அதனால் கடையில் கண்டதை வாங்கித் தடவாமல் மருத்துவர் கொடுப்பதையே பயன்படுத்த வேண்டும்.

வேலிக்கு அப்பால் இருப்பதை அறிய அண்டை வீட்டாரிடம் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. குடிவந்து வெகுநாள் ஆகியும் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டிருந்த நாங்கள், மல்லிக்காகத்தான் இரு பக்கத்து வீடுகளுக்கும் போய் விசாரித்தோம். வலப்பக்கத்துப் பெரியவர் தம் கொட்டகையைப் பூட்டும் முன் உள்ளே பார்ப்பதாகச் சொன்னார். பூனைகள் காணாமற்போவதில் பல, யாருடைய கொட்டகையிலோ கராஜிலோ அடைபட்டதால் நேர்வன. இந்தத் தோட்டங்களைத் தன் எல்லையாகக் கருதும் சாம்பல் நிறக் கடுவன் ஒன்று எதிர் வரிசையில் இருப்பதையும், அது காலையில் எந்த நேரத்தில் சுற்றும் என்பதையும் அவரே சொன்னார். நாங்கள் வெளியே விடும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டோம். நரிகளைப் பற்றி நம்மவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். வளர்ந்த பூனையைக் கண்டால் லண்டன் நரிகள் பெரும்பாலும் ஒதுங்கியே போகின்றன. சிறு குட்டிக்குத்தான் அபாயம், காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாளுக்கு மழையில்லாத ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுத்து, வயிற்றில் பசி இருக்கும்படி உணவுக்கு முன்பே விட வேண்டும். தூக்கிக்கொண்டுபோய்ப் புல்லில் இறக்கிவிடக் கூடாது; வாசற்படியைத் தானே முகர்ந்து, தன் காலால் தாண்டிப் போனால்தான் திரும்பும் வழி அதற்குத் தெரியும். கதவு அகலத் திறந்தே இருக்க வேண்டும், நாமும் அருகிலேயே பேச்சைக் குறைத்து நிற்க வேண்டும், பிள்ளைகள் துரத்தவோ கைதட்டவோ கூடாது. மல்லி படியிலேயே நெடுநேரம் அமர்ந்து காற்றை முகர்ந்தாள். தொட்டிச் செடி வரை போனாள். தொலைவில் ரயில் ஓசை கேட்டதும் உள்ளே பாய்ந்தாள். அதுவே போதுமென்று டப்பாவை ஆட்டி உணவு வைத்தோம். நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, அழைத்தால் வருகிறாள் என்ற நம்பிக்கை ஏற்பட்ட பிறகே தனியே விட்டோம்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பரில் லண்டனில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான்; அலுவலகம் விட்டு வரும் கார்களின் நெரிசலும் இருட்டும் ஒன்றாக வந்து சேரும். பூனைகளுக்கு வேட்டைத் துடிப்பு மிகுவதும் அந்தி வேளையில்தான். நாயை இடித்த ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பூனையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அடிபட்டால் செய்தி நமக்கு வந்துசேரும் என்ற உறுதியும் கிடையாது. இருட்டுவதற்குள் உள்ளே அழைத்துவிடுவது எங்கள் வீட்டில் மாறாத விதி. அக்டோபர் இறுதி முதல் நவம்பர் நடு வரை புதிதாக எந்தக் குட்டியையும் வெளியே விடத் தொடங்கக் கூடாது. பிரிட்டனில் வாணவேடிக்கையோடு கொண்டாடும் நவம்பர் 5ஆம் தேதி ‘கை ஃபாக்ஸ்’ இரவில் நள்ளிரவு வரையிலும், நம் தீபாவளி இரவில் ஒரு மணி வரையிலும் பட்டாசு வெடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஹாரோவில் அந்த இரவுகள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய குட்டிக்குத் திரும்பும் வழி தெரியாமல் போய்விடும்.

பறவைகளுக்காகவும் ஒரு சொல். ராபினும் நீலச்சிட்டும் குஞ்சு பொரிக்கும் வசந்தத்தில் விடியலிலும் அந்தியிலும் பூனையை உள்ளே வைப்பது நல்லது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடும், நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் உரிமையாளரோடு விளையாடியவை கொண்டுவந்தது 25 விழுக்காடும் குறைந்தது தெரிந்தது. மகளுக்கு அந்தப் பத்து நிமிடத்தை வீட்டுப்பாடத்துக்கு முந்திய கடமையாகவே வைத்திருக்கிறோம்.

தனியே போய்வரத் தொடங்கியபின் பூனைக் கதவு பொருத்துவதானால், நம் பூனையின் சிப்பைப் படித்து அதற்கு மட்டும் திறக்கும் வகை சிறந்தது. சாம்பல் நிறக் கடுவன் சமையலறைக்குள் வந்து நிற்காது. வாடகை வீட்டில் கதவை வெட்டும் முன் வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், கண்ணாடிக் கதவென்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். குத்தகை முடிந்து வேறு வீட்டுக்குப் போனால் வளர்ந்த பூனையும் மறுபடி புதிதாக வந்ததே. குறைந்தது மூன்று வாரம் உள்ளே வைத்து, சிப்பின் முகவரியை மாற்றி, புது அண்டை வீட்டாரிடம் பேசி, பசித்த காலைப்பொழுதில் மறுபடியும் படியிலிருந்தே தொடங்க வேண்டும். புது வீடு பழையதற்கு அருகிலேயே இருந்தால் அது பழைய வாசலுக்கே திரும்பிப் போகப் பார்க்கும் என்பதால், அங்கே குடிவந்தவர்களிடம் நம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, உணவு வைக்காமல் நமக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.