லவ்லெஸ் கேட்ட நிலம்: ஒரு பழைய வெஸ்டர்ன் தொடரைப் பார்த்த நாட்குறிப்பு

ஜூன் 6

இன்று இரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து ‘தி வைல்டு வைல்டு வெஸ்ட்’ தொடரின் மூன்றாவது அத்தியாயத்தைப் பார்த்தோம். 1965 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பான இந்த அத்தியாயத்துக்கு ‘தி நைட் த விசார்ட் ஷுக் தி எர்த்’ என்று பெயர். அதிபர் கிரான்ட் ஆட்சியில், தனி ரயிலில் ஊர் ஊராகப் போகும் ஜேம்ஸ் வெஸ்ட், ஆர்ட்டிமஸ் கார்டன் என்ற இரு ரகசிய உளவாளிகளின் சாகசக் கதை இது. நான்கு பருவங்களில் 104 அத்தியாயங்கள் வந்திருக்கின்றன. இந்த அத்தியாயத்தில்தான் வெஸ்டின் பரம எதிரியான வில்லன் டாக்டர் மிகெலிட்டோ லவ்லெஸ் முதன்முதலாகத் தலைகாட்டுகிறார்.

வெஸ்டாக நடித்த ராபர்ட் கான்ராட்டின் சண்டைகளை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள், முடிந்த பிறகு லவ்லெஸாக நடித்த மைக்கேல் டன்னைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஏறக்குறைய 117 சென்டிமீட்டர் உயரமே உள்ள அவருக்குப் பக்கத்தில், ஏழடிக்கும் மேல் வளர்ந்த ரிச்சர்ட் கீல் வால்டேர் என்ற அடியாளாக நிற்கிறார். கட்டளையிடும்போது டன் ஒருமுறைகூடக் குரலை உயர்த்துவதில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் காட்சி அப்படியே உறைந்து கோட்டோவியமாக மாறித் திரையின் ஒரு கட்டத்தில் போய் அமர்ந்துகொள்ளும் உத்தி, அறுபது ஆண்டுகள் கழிந்தும் புதிதாகவே இருக்கிறது.

ஜூன் 7

காலை உணவின்போது கருத்துகள் மோதிக்கொண்டன. சித்தப்பாவுக்குக் கதை பிடிக்கவில்லை. 1870-களில் வாழும் ஒருவன், அடுத்த நூற்றாண்டில் வரவேண்டிய கருவிகளையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவது குதிரையும் துப்பாக்கியும் உள்ள கதைக்கு ஒவ்வாது என்பது அவருடைய வாதம். வெஸ்டர்ன் கதையையும் உளவுக் கதையையும் ஒன்றாகப் பின்ன வேண்டும் என்றுதான் மைக்கேல் கேரிசன் இந்தத் தொடரை உருவாக்கினார் என்பதால், இந்தக் குறையை அத்தியாயத்தின் மீது சுமத்துவது சரியல்ல என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் மகள் எழுப்பிய கேள்வி இதைவிடக் கனமானது. “குள்ளமான மனிதர் என்றாலே வில்லனாகவோ கோமாளியாகவோதான் காட்டுவார்களா, அத்தை?” என்று கேட்டாள். அவள் கோபம் நியாயமானது. அந்தக் காலத் திரையில் அத்தகைய நடிகர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அந்த இரண்டு வேடங்கள்தாம். ஆனால் இந்த அத்தியாயத்தில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கும்படி ஒரு காட்சிகூட இல்லை. அவர் அறிவாளி, இசை அறிந்தவர், அன்டாய்னெட் என்ற தோழியுடன் சேர்ந்து பாடுபவர். அன்டாய்னெட்டாக நடித்த ஃபீபி டோரினும் டன்னும் அதற்கு முன்பே இரவு விடுதிகளில் இணைந்து பாடிவந்தவர்கள் ஆதலால் அவர்கள் பாடும்போது நடிப்பின் செயற்கை தெரிவதில்லை. டன் நாடக மேடையிலும் பெயர் பெற்றவர். 1965-இல் வெளிவந்த ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். 1973-இல் 38 வயதிலேயே மறைந்துவிட்டார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஜூன் 9

அத்தியாயத்தை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை லவ்லெஸ் என்ன கேட்கிறார் என்பதை மட்டுமே கவனித்தேன். ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் தன் குடும்பத்துக்கு வழங்கப்பட்டுப் பின்னர் பறிபோன கலிபோர்னிய நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் வெடிகுண்டால் ஆயிரக்கணக்கானோரைக் கொல்லப்போவதாக மிரட்டுகிறார்.

மிரட்டல் கற்பனையாக இருக்கலாம், மனக்குறை கற்பனையல்ல. மெக்சிகோவுடன் நடந்த போரை முடித்துவைத்து, கலிபோர்னியாவை அமெரிக்காவின் கைக்குக் கொண்டுவந்த 1848-ஆம் ஆண்டு குவாடலூப் இடால்கோ உடன்படிக்கையில் பழைய நிலக்கொடைகளைக் காக்கும் பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் நீக்கிவிட்டது. 1851-ஆம் ஆண்டுச் சட்டம், நிலம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பை உடைமையாளர் தலையிலேயே கட்டியது. அந்தச் சட்டப்படி அமைந்த நில ஆணையத்தின் முன் வந்த 813 உரிமைக் கோரிக்கைகளில் 604 ஏற்கப்பட்டன. ஆனால் பட்டா கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. வழக்குச் செலவுக்காக நிலத்தை அடகு வைத்தும் விற்றும், வழக்கில் வென்ற பிறகும் வெறுங்கையோடு நின்ற குடும்பங்கள் பல. இந்தக் கதை நடக்கும் 1870-களில் அந்த வழக்குகளின் புண் இன்னும் ஆறியிருக்காது.

ஜூன் 10

இந்த அத்தியாயத்தை எழுதி லவ்லெஸைப் படைத்த ஜான் நூபுல், அமெரிக்க சமோவாவில் சமோவத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, ஹாலிவுட்டில் தொலைக்காட்சிக்கு எழுதி, 1968-இல் அதையெல்லாம் விட்டுவிட்டுச் சமோவாவுக்கே திரும்பிப்போனார். மண்ணும் வமிசமும் பிரிக்க முடியாதபடி பிணைந்த தீவிலிருந்து வந்தவர், வல்லரசின் காகிதங்களால் பூர்விக நிலத்தை இழந்தவனை எழுதியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் லவ்லெஸ் தன் நிலத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வசனத்துக்கு வரும் சூடு, தொடரின் வேறு எந்த வில்லனின் பேச்சிலும் எனக்குக் கேட்டதில்லை.

ஜூன் 12

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான பக்கத்து வீட்டு ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் மறுத்துப் பேசினார். அப்பாவி மக்களைக் கொல்லத் துணிந்தவனுக்கு நியாயம் பேசும் உரிமை போய்விட்டது என்றார். அது உண்மைதான். ஆனால் கதையின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. லவ்லெஸைக் கொலைகாரனாக்கியதும், நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை வெஸ்டுக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை, பார்க்கும் நமக்கும் இல்லை என்றாகிவிடுகிறது. வெடிகுண்டைப் பற்றிய பதற்றம் வழக்கை விழுங்கிவிடுகிறது.

டன் மொத்தம் பத்து அத்தியாயங்களில் லவ்லெஸாக வருகிறார். பின்னால் வந்தவற்றில் வெஸ்டை ஆறு அங்குலமாகச் சுருக்குகிறார். ஓவியத்துக்குள் புகுந்து வெளிவருகிறார். அந்த விந்தைகளுக்காகவே அவரை நேசிக்கும் பார்வையாளர்கள் ஏராளம். சித்தப்பாவைத் தவிர எங்கள் வீட்டிலும் எல்லோரும் அந்தக் கட்சிதான். எனக்கோ, உரிமை கேட்டு வந்த மனிதரை வித்தை காட்டுபவராக மாற்றிவிட்டார்களே என்ற வருத்தம் இருக்கிறது. நாளை இரவு அவருடைய இரண்டாவது அத்தியாயம். அதில் நிலத்தைப் பற்றிய பேச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அண்ணன் மகளும் நானும் சேர்ந்து கவனிக்கப்போகிறோம்.