டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினல இன்சூரன்ஸுக்குக் குடுத்துட்டு முழிச்ச கதை

அம்மாவுக்கு மூளையில அனியூரிசம், அதாவது ரத்தக்குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி வீங்கியிருந்துச்சு. தொடை ரத்தக்குழாய் வழியா போய் காயில்ங்கிற (coil) மெல்லிசான கம்பிச்சுருள வச்சு அடைச்சு, ஸ்டென்ட்டும் (குழாய்க்குள்ள வைக்கிற வலைக்குழாய்) போட்டாங்க. ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல.

அன்னிக்கு ராத்திரி "இடுப்புக்குக் கீழ ஈரமா இருக்குடா"ன்னாங்க. சிஸ்டர் போர்வையத் தூக்கி தொடையில போட்டிருந்த கட்டைப் பாத்துட்டு நார்மல்தான்னு போயிட்டாங்க, கட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு, சந்தேகத்துல முதுகுக்கு அடியில கையை விட்டேன், வெளிய எடுத்தா கை முழுக்க ரத்தம். பக்கவாட்டுல வழிஞ்சு அடியில தேங்கியிருக்கு. டூட்டி டாக்டர் ஓடி வந்து இருபது நிமிஷம் அழுத்திப் பிடிச்சப்புறம்தான் நின்னுச்சு. அதனால மேல மட்டும் பாக்காதீங்க, அடியிலயும் தடவிப் பாருங்க.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் ராத்திரி தலைவலி, வாந்தி, பேச்சு குழறுது. பக்கத்து ஆஸ்பத்திரில சிடி எடுத்தா மூளையில சின்னதா ரத்தக்கசிவு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் உறையாம இருக்க என்ன மாத்திரை, கடைசியா எப்ப போட்டாங்க?" டிஸ்சார்ஜ் சம்மரி ஒரிஜினல் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல, காப்பி எடுக்கல. என் புத்திய செருப்பால அடிக்கணும். ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா ரெக்கார்டு செக்‌ஷன் காலைல பத்து மணிக்குத்தான் தெறப்பாங்களாம்! வீட்டுல தங்கச்சிய மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா, மெடிக்கல்ல பேரு இருந்த பக்கத்தை வெட்டிட்டுக் குடுத்திருக்கான். கடைசில அவளே குப்பைக்கூடைய கிளறி மருந்துக்கடை பில்லைக் கண்டுபிடிச்சா, ஆஸ்பிரின், குளோபிடோகிரல் ரெண்டும் அதுல இருந்துச்சு.

ரெண்டையும் நிறுத்துனா ஸ்டென்ட்ல ரத்தம் கட்டிக்கும், நிறுத்தலன்னா கசிவு பெருசாகும். டாக்டருங்க பேசி ஒண்ண மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துனாங்க. ரத்தம் வருதேன்னு பயந்து நீங்களா நிறுத்திடாதீங்க.

ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் அணுக்களை ஏத்த வேண்டி வரலாம், ரெடியா வச்சுக்கச் சொன்னாங்க. தம்பி குடுக்கறேன்னு சட்டைக்கைய மடிச்சுட்டு உக்காந்தான், முந்தாநாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரை போட்டதால வேணாம்னுட்டாங்க. நல்லவேளை ஏத்தவே வேண்டி வரல.

மறுநாள் எடுத்த சிடில கசிவு அதே அளவுதான், பெருசாகல. இப்ப நல்லா பேசுறாங்க, எப்பவாவது கத்திரிக்காய்க்கு முருங்கக்காய்னு வாய் தவறுது, அவ்வளவுதான். சம்மரி காப்பி கெஞ்சி வாங்கி எங்க மூணு பேர் போன்லயும் போட்டு வச்சாச்சு. நேத்து இன்சூரன்ஸ்ல இருந்து கூப்பிட்டு சம்மரி தெளிவா இல்ல, இன்னொண்ணு அனுப்புங்கன்றாங்க.